பீமனுக்கு ஏத்த ஜோடி

“ஆண் நாய்தான் வேணும். பெண் வேண்டவே வேண்டாம்” என்றார் கண்டக்டர், நாலாவது ஞாயிற்றுக்கிழமையாக.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் போட்டார். தெருவில் கிடக்கும் நாய்களை எடுத்து வளர்த்து, நல்ல குடும்பமாகப் பார்த்துக் கொடுக்கும் காப்பகம் அது. மருத்துவர், நிர்வாகி எல்லாம் அவர்தான். கடிக்க வரும் நாயைக்கூடப் பத்து நிமிடத்தில் காலடியில் படுக்க வைத்துவிடுவார். இந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டரிடம் மட்டும் அவருடைய பாச்சா பலிக்கவில்லை.

“ஐயா, உங்க குடும்பத்துல ஏற்கெனவே பீமன் இருக்கான். வளர்ந்த ஆண். அவன்கிட்ட இன்னொரு ஆணைக் கொண்டுபோய் விட்டா, நீ பெரியவனா நான் பெரியவனான்னு ஆரம்பிச்சிடும். பெண்ணுன்னா பெரும்பாலும் தகராறு வராது. எத்தனை தடவைதான் சொல்றது?”

“நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. நான் முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ல பார்த்தவன். ரெண்டு ஆம்பளைங்க ஒரே சீட்ல உட்கார்ந்தா, மூணாவது ஸ்டாப்ல மச்சான் மாப்பிள்ளை ஆயிடுவாங்க.”

“பீமன் டிக்கெட் வாங்கிட்டு வரலையே, ஐயா!”

குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கும் நாயை நேரில் வரவழைத்து, புது நாயோடு பழகவிட்டுப் பார்த்த பிறகே கொடுப்பது என்பது காப்பகத்தின் விதி. முதல் ஞாயிறு ஒரு செவலை நாய். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் உறுமின. அடுத்த வாரம் கறுப்பு. விலக்கிவிடப் போன காவலாளி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, உடம்பெல்லாம் பாசியோடு எழுந்து வந்தார். மூன்றாவது, பல் பாதி கொட்டிப்போன ஒரு கிழடு. அது மிச்சமிருந்த பல்லையெல்லாம் பீமனிடம் காட்டியது.

“இன்னிக்குத்தான் கடைசி” என்றார் டாக்டரம்மா. “இன்னிக்கும் சரிப்படலைன்னா உங்க மனுவைத் தூக்கிப் போட்டுடுவேன். அப்புறம் உங்களுக்கு நாயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

கண்டக்டரின் முகம் சுண்டிப்போனது. “கடைசியா? ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா. எனக்கு இது ரொம்ப முக்கியம்.”

“முக்கியம்னா நான் சொல்றதைக் கேளுங்க.”

வாசலில் கார் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் பேத்தி ஓடிவந்து தாத்தாவின் கையில் தொங்கினாள். விழுந்த பல், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண், தனக்கு வந்த காய்ச்சல் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தாள். பின்னால், பீமனின் சங்கிலியைப் பிடித்தபடி மகன் எரிச்சலோடு வந்தான்.

“அப்பா, ஒரு நாயைத் தேர்ந்தெடுக்க ஒரு மாசமா? எனக்குப் பொண்ணு பார்த்தப்பகூட அரை மணி நேரத்துல முடிச்சீங்களே!”

“அதனாலதாண்டா இதுல நிதானமா பார்க்கிறேன்.”

டாக்டரம்மா இனி யாரையும் கேட்பதாக இல்லை. நேரே உள்ளே போய், மிளகு என்ற பெண் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் இரண்டையும் கொஞ்சம் இடைவெளி விட்டு நடத்தினார். பீமன் மோப்பம் பிடித்தான். மிளகு வாலை ஆட்டியது. அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் இரண்டும் மண்ணில் புரண்டு விளையாட ஆரம்பித்துவிட்டன.

“அப்பாடா! தொல்லை விட்டுது!” என்ற மகன், கையெழுத்துப் போட பேனா எடுத்துவரக் காரை நோக்கி ஓடினான். பேத்தியும் குதித்துக்கொண்டு பின்னால் போனாள்.

கண்டக்டரோ தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன ஐயா, இவ்வளவு அழகா ஒத்துப்போச்சு, நீங்க இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“கெடுத்துட்டீங்களே டாக்டரம்மா!” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆணும் ஆணும் ஒத்துப்போகாதுன்னு நீங்க முதல் நாளே சொன்னீங்க. அதை நல்லா மனசுல வாங்கிக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் ஆணா கேட்டேன்.”

“என்னது?”

“பீமன் என் மகன் வீட்டு நாய். மனுவுல எங்க குடும்பத்து நாய்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவங்க ஊருக்கு அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. தனியா இருக்கேன். நானா கூப்பிட்டா வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து தலையைக் காட்டுவான். நாயைக் கூட்டிட்டு வாங்கன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து போன் போனதும் நாலு வாரமா டாண்ணு வர்றான். இது ஒத்துப்போச்சுன்னா, அடுத்த ஞாயிறு எதுக்கும்மா வருவான்?”

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். முற்றத்தில், மிளகின் முதுகில் தலையை வைத்துப் பீமன் சுகமாகக் கண்ணை மூடியிருந்தான்.

மகன் பேனாவோடு வந்தான். “எங்கே மேடம் கையெழுத்து?”

“அவசரப்படாதீங்க, சார்” என்றார் டாக்டரம்மா, முகத்தில் சிரிப்பே காட்டாமல். “பார்த்த உடனே இப்படி ஒட்டிக்கிறது நல்லதுக்கில்ல, இனிமேதான் ஜாக்கிரதையா கவனிக்கணும். மிளகு இன்னிக்கே உங்கப்பாகூடப் போகட்டும். ஒரு வருஷத்துக்கு ஞாயிறு தவறாம பீமனோட குடும்பமா அவர் வீட்டுக்குப் போய், சாயங்காலம் வரைக்கும் இருந்து பார்த்துட்டு எனக்குப் போன்ல சொல்லணும், ஒரு வாரம் தப்பினாலும் நாயைத் திருப்பி வாங்கிக்குவேன்!”