எட்டு நாள் பெரியவர்

நோவா காலத்தில் தொடங்கி இன்னும் விடாத வேல்ஸ் மழை சன்னலில் வழிய, மென்னா தன் தொண்ணூற்றோராவது பிறந்தநாளுக்குத் தானே பழரொட்டி வெட்டுகிறாள். எதிரே கணவர் ஐவியன் தன் துண்டிலிருந்து உலர்திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டின் விளிம்பில் அடுக்குகிறார். அவளைவிட எட்டே நாள் மூத்தவர். அந்த எட்டு நாளை எண்பது வருடமாக்கி ஊரெல்லாம் பறைசாற்றியவர். பதினோரு வருடத்துக்கு முன் அக்கி வராமலிருக்க ஊசி போட்டபோது, 1933 செப்டம்பர் இரண்டுக்கு முன் பிறந்தவர்களுக்குக் கிடையாது என்றார்கள். அவளுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. "பெரியவனைப் பாத்தா ஊசிக்கே பயம்டி," என்று அன்று தெரு அதிரச் சிரித்தார். அந்த ஊசி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பி மறதி நோயையும் தள்ளிப்போடுகிறதாம். இன்றைய செய்தித்தாள் சொல்கிறது. மென்னா அதை மடித்துத் தேநீர்க் குடுவைக்கு அடியில் வைக்கிறாள். கை தானாக இடது தோளைத் தடவுகிறது.

"சாப்பிடுங்க, பெரியவரே."

அவர் நிமிர்ந்து, புதிதாகப் பார்த்தவரிடம் போல மரியாதையாகப் புன்னகைக்கிறார். "ரொம்ப நல்லாருக்கும்மா. என் பொண்டாட்டிக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க. நான் அவளைவிட எட்டு நாள் பெரியவன், தெரியுமா?"

"தெரியுங்க," என்கிறாள் மென்னா. இன்னொரு துண்டு வெட்டி, யாரும் உட்காராத நாற்காலியின் முன் வைக்கிறாள்.