கட்டத்துக்குள் ஜெயராஜ்

“இந்த வாரம் புது ஆளு போட்டிருக்கான் போல. ரொம்பக் கஷ்டமா கீது,” என்றார் ஜெயராஜ்.

வேப்பம்பட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி கம்பித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து போன மாதம்தான் ரிட்டயர் ஆனவர். பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை முடிக்காமல் நாஷ்டாவைத் தொடமாட்டார். முடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு விடையையும் மனைவி ரோசம்மாளுக்கு விளக்கியாக வேண்டும்.

“கேளு. கோளா, கிழமையா, சிவந்த வாயா? நாலு எழுத்து.”

“இன்னாது அது?” வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள் ரோசம்மாள்.

“செவ்வாய்! கிரகமும் அதுதான், கிழமையும் அதுதான், செக்கச் செவேல்னு வாய் இருந்தாலும் அதுதான்.”

“அடுத்தது?”

“கடலில் அடிப்பது, தலை மாறினால் நெருப்பாய் எரியும். ரெண்டு எழுத்து. கடல்ல அடிக்கிறது அலை. அ-வை எடுத்துட்டு உ-வைப் போடு. உலை.”

“அட!”

“மரத்தின் தலை போய், கடலின் தலை வந்தால் கை. மரத்துல ம-வைத் தூக்கிடு. கடலோட க-வை வை. கரம்...”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

செவ்வாய். உலை. கரம்.

‘விரலில் தொடங்கி இசையில் முடியும்; அழுத்தினால் ஓடும் (2).’ இதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

“இன்னாங்க, விடை வரலையா?”

வந்திருந்தது. விரலில் முதல் எழுத்து, இசையில் கடைசி எழுத்து. விசை. பேனாதான் நகரவில்லை.

ரோசம்மாள் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அதற்கும் கீழே இருந்த கடைசிக் குறிப்பைப் படித்தாள்.

“வெற்றியும் அரசனும் சேர்ந்த ஆள், நாலு எழுத்து. வெற்றின்னா ஜெயம், அரசன்னா ராஜா... ஐயே, உங்க பேருதாங்க! ஜெயராஜ்!”

அவள் கைதட்டிச் சிரித்தாள். ஜெயராஜின் கண் பேப்பரின் அடிக்கு ஓடியது. கட்டங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: ‘புதிர் அமைத்தவர்: தாவீது, வள்ளூர்.’

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. உலைக்குப் பக்கத்து மெஷினில் சிக்கி, ஒப்பந்தத் தொழிலாளி தாவீதின் வலது கை போனது. மின்கோளாறால் மெஷின் தானாக ஓடிவிட்டது என்று அறிக்கை எழுதியவர் ஜெயராஜ். ஓடிப்போய் அதை நிறுத்தி ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்று அவருக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

மெஷின் தானாக ஓடவில்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் விசையை அழுத்தியவரே அவர்தான். அது ரோசம்மாளுக்குக்கூடத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது என்று நினைத்திருந்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

“நாஷ்டா?”

வண்டி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

வள்ளூரில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குக் கீழே வெயில்கூடச் சாம்பல் நிறமாக இருந்தது. தெருவில் நடமாட்டமே இல்லை. முனையில் இருந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்.

“இங்க தாவீதுன்னு...”

“ஜெயராஜ் சாரா?” என்றார் டீக்கடைக்காரர். “கடைசி ஊடு. இன்னிக்கு வருவீங்க, அனுப்பி வைன்னு சொல்லிக்கீறாரு.”

ஜெயராஜ் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

கடைசி வீட்டின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே, வாசலைப் பார்த்தபடி தாவீது உட்கார்ந்திருந்தான். சட்டையின் வலது கை காலியாகத் தொங்கியது. எதிரில் ஒரு நாற்காலி, தயாராக.

“உக்காருங்க சார். பூராத்தையும் போட்டுட்டீங்களா?”

“உனக்கு இன்னா வேணும்?”

“ஒண்ணும் வேணாம் சார்.”

“அப்புறம் எதுக்குய்யா இப்படி மிரட்டுற?”

“மிரட்டறனா?” தாவீது பதறிப்போனான். “மதியானம் கேன்டீன்ல நீங்க இந்தப் புதிரைப் போட்டுக்கினு இருப்பீங்க. இடது கையில எழுதிப் பழகினப்போ நானும் இதைக் கத்துக்கினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தப்பகூட நீங்க என் மூஞ்சியப் பார்க்கல. நானே தேடிக்கினு வந்தா ஓடிருவீங்க. இப்படிக் கூப்பிட்டா வருவீங்கன்னு தெரியும்.”

“எதுக்கு?”

“ஒரு நன்றி சொல்லணும் சார். அன்னிக்கு நீங்க மெஷினை நிறுத்தலன்னா கையோட போயிருக்காது. ஆளே போயிருப்பேன்.”

அவ்வளவுதானா? அப்படியானால் விசையை அழுத்தியது யாரென்று இவனுக்குத் தெரியாதா? இந்த நன்றியையும் அந்தச் சால்வையைப் போலவே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஜெயராஜ் எழுந்தேவிட்டார். காலிச் சட்டைக்கை காற்றில் ஆடியது. மறுபடி உட்கார்ந்தார்.

“தாவீது... அந்த மெஷினை ஓட விட்டவனும் நான்தான்யா.”

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறார்.

“தெரியும் சார். நீங்க அழுத்தறப்போ உங்களைத்தான் பார்த்துக்கினு இருந்தேன். கத்தறதுக்குள்ள ஓடிடுச்சு.”

“தெரியுமா? விசாரணையில உன்னை மூணு தடவை கேட்டாங்களே! ஏன் சொல்லல?”

“சொன்னா உங்களை வேலைய விட்டு அனுப்பியிருப்பாங்க. அதான், நீங்க ரிட்டயர் ஆவுற வரைக்கும் வாயத் திறக்கல.”

“உன் கையப் பறிச்சவன்யா நான். எனக்காக எதுக்கு?”

“உங்களுக்காக இல்ல சார்,” என்றான் தாவீது. “நான் கத்தினப்போ அத்தினி பேரும் வெளியதான் ஓடினாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ள ஓடி வந்தீங்க. அடுத்து எவனாவது மாட்டிக்கினா, உள்ள ஓடி வர்றதுக்கு அங்க ஒரு ஆளு வேணாமா?”