எட்டாத தாழ்ப்பாள்

"பூனை போக வர ஒரு வழி வேணும் தம்பி. அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

வீட்டுக்காரம்மா குர்ஷித் பேகம் அவ்வளவுதான் பேசினாள். முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கக் குனிந்துவிட்டாள்.

மலைச்சாமி விடவில்லை. "அடுத்த தெருவுல போன வாரம் திருட்டுப் போயிருக்கு பாயம்மா. இதே மாதிரி பூனை ஓட்டைதேன். கையை உள்ள விட்டு அடித் தாழ்ப்பாளை நீக்கிட்டான். பட்டப்பகல்ல வெங்கலப் பானை அம்புட்டும் போச்சு. நம்ம பின்கதவுலயும் தாழ்ப்பாள் அடியிலதேன் இருக்கு."

"இருக்கட்டும்."

"பூனை முன்வாசல் வழியா வரட்டுமே?"

"அது பழகுன வழி. மாத்தாது."

மலைச்சாமி முகம் கறுத்துத் தன் வீட்டுக்கு வந்தான். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை அவனுக்கு. ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்கிறவன் குடியிருக்கும் வீட்டுக் கதவில் ஒரு சாண் ஓட்டை! பட்டறையில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

"மனுசனைவிடப் பூனை ஒசத்தியாப் போச்சு அந்தம்மாவுக்கு!"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் அவன் மனைவி பொன்னழகு. "சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்காக. காதுல விழுந்து, காலி பண்ணுன்னு சொல்லிட்டா எங்க போறது?"

அந்தப் பயம்தான் அவன் வாயைக் கட்டியது.

பொன்னழகுக்கு எப்போதாவது வலிப்பு வரும். அது தெரிந்ததும் இரண்டு வருஷத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் அவர்களைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அதனால் இந்த வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. குடிவந்து ஆறு மாதமாகிறது. இங்கே வந்த பிறகு வலிப்பு வந்ததாகப் பொன்னழகும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமி திருப்புளியை எடுத்தான். ஓட்டையைத் தொடவில்லை. தாழ்ப்பாளை அடியிலிருந்து கழற்றிக் கதவின் உச்சியில் பொருத்தினான்.

"இப்ப எந்தத் திருடன் கை எட்டுதுன்னு பாப்போம்!"

மறுநாள் மத்தியானம். சோற்றுக்கு வந்தவன் முன்கதவைத் தட்டினான். பதில் இல்லை. கொல்லைப்பக்கம் சுற்றி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

குர்ஷித் பேகம் மண் தரையில் குப்புறக் கிடந்தாள். அவளுடைய வலது கை தோள்வரைக்கும் பூனை ஓட்டைக்குள் இருந்தது.

"பாயம்மா!"

அவள் தலையை மட்டும் திருப்பினாள். கையை எடுக்கவில்லை.

"தாழ்ப்பாள் எங்கய்யா? இங்கதானே இருந்துச்சு!"

மலைச்சாமி கத்தினான். "ஏன், கைக்கு எட்டலியா? இதுக்குத்தேன் அடைக்க விடலியா? ஆறு மாசமாப் பெரிய மனுசின்னு நெனச்சு மரியாதை குடுத்தேன் பாருங்க..."

"அதை அப்புறம் பேசு. ஒடம்பு முடியாமப் புள்ள உள்ள விழுந்து கெடக்கு. நீயே பாரு!"

அவன் மண்டியிட்டு, ஓட்டையில் அவள் கைக்கு மேலிருந்த இடைவெளி வழியாகப் பார்த்தான். அடுப்படியில் பொன்னழகின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டு முழம் தள்ளி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய முந்தானை அந்தப் பக்கம் போய்விடாமல் இழுத்துப் பிடித்திருந்தது குர்ஷித் பேகத்தின் கை.

"நான் கையை எடுத்துக்கறேன். நீ கதவை மோது. சீக்கிரம்!"

தோளால் மோதினான். மூன்றாவது மோதலில், முந்தின நாள் அவன் முறுக்கிய திருகாணிகள் பிய்த்துக்கொண்டு வந்தன.

குர்ஷித் பேகம் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எரிந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். பொன்னழகின் தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்தாள். உடம்பை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயோரம் வழிந்த நுரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். எதிலும் பதற்றம் இல்லை. செய்து பழகிய கை.

சற்று நேரத்தில் இழுப்பு நின்றது. பொன்னழகு அயர்ந்து தூங்கினாள்.

மலைச்சாமி பிய்ந்து கிடந்த தாழ்ப்பாளைக் கையில் எடுத்தான். "வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் பாயம்மா. இவ சீக்கையும் உங்ககிட்ட மறைச்சுட்டோம்..."

"நீங்க வந்த மூணாவது வாரமே எனக்குத் தெரியும். இது அஞ்சாவது தடவை. ஏனம் உருள்ற சத்தம் கேட்டதும் ஓடியாருவேன். கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி உள்ள வந்து, இழுப்பு நின்னதும் வெளிய போயி, பழையபடி தாழ்ப்பாளைப் போட்டுருவேன்."

"அஞ்சு தடவையா? எங்கிட்டக்கூட இவ சொல்லலியே!"

"சொன்னா நீ வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்துருவேன்னு பயந்துருக்கும். பாவம்."

"சரி, தெரிஞ்சும் எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்காம இருந்தீக?"

குர்ஷித் பேகம் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தாள்.

"கேட்டா, நான் காலி பண்ணச் சொல்லிருவேன்னு பயந்து நீங்களே சட்டிபானையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவீங்க தம்பி. போற வீட்டுல கதவுல ஓட்டை இருக்குமோ, இருக்காதோ!"