வாசல் காவலன்

"போன தடவை ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கிட்டு வந்தீங்க. இப்ப ஒருத்தன்தானா?"

கேட்டவர், அந்த கேம் கம்பெனியில் கதாபாத்திரங்களை உருவாக்கும் பிரிவின் தலைவர். வேலை கேட்டு வருகிறவர்களில் லேசில் யாரையும் உள்ளே விடமாட்டார். அதனால் ஆபீசில் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர்.

எதிரே இருந்தவளுக்கும் அங்கே ஒரு பெயர் விழுந்திருந்தது, 'பல்செட் அக்கா'. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள். நாற்பதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டரில் உருவம் செதுக்கக் கற்றுக்கொண்டு, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

முதல் தடவை அவள் போர்ட்ஃபோலியோவை அவர் முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. வாள் தூக்கிய வீரர்கள், இறக்கை முளைத்த ராணிகள். பல்வரிசை மட்டும் பிரமாதம், மற்றதெல்லாம் எங்கேயோ பார்த்த மூஞ்சிகள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கூட்டம் சேர்க்காதீர்கள், உயிரோடு இருக்கிற ஒன்றைக் கூர்ந்து கவனித்து ஒரே ஒரு உருவம் செய்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் கணவன் பழைய வேலைக்கே போகச் சொன்னான். இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவனிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

"ஒருத்தன் போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றபடி லேப்டாப்பைத் தட்டினாள்.

சுவரிலிருந்த பெரிய திரையில், ஒரு கோட்டை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அந்த மிருகம். பிடரி சிலிர்த்து, கோரைப் பல் தெரிய உறுமியது. அவள் மெதுவாக அதைத் திருப்பினாள். வெடித்த தோல், முதுகில் ஆறிப்போன தழும்பு, உறுமலுக்கு நடுவே எச்சில் விழுங்கும் தொண்டை.

வடிகட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்ல வந்ததை மறந்துபோனார்.

அவர்களுடைய புதிய கேமுக்கு இப்படி ஒரு வாசல் காவலன்தான் தேவைப்பட்டான். அந்தப் பொறுப்பு அவருடையது. மாதக்கணக்கில் வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார்; வந்து வாய்க்கவே இல்லை. இப்போது அவன் எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறான். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். தொட்டால் சூடாக இருக்கும் போலிருந்தது.

"இவன் யாரையும் கடிக்க மாட்டான்" என்றார், கோயிலில் பேசுகிற மாதிரி சன்னமாக. "பாருங்க, உறுமுறான், ஆனா உடம்பு பாரம் பூரா பின்னங்கால்ல இருக்கு. பயம். தன்கிட்ட இருந்த பலம் போயிடுச்சுன்னு இவனுக்குத் தெரியும். அது வெளியில தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் வர்றவங்களையெல்லாம் விரட்டுறான். பாவமா இருக்கு."

கூட இருந்த அனிமேஷன்காரப் பெண்ணும் ஹெச்.ஆர். மேனேஜரும் திரையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் பேச்சு அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"என்னால இதைச் செஞ்சிருக்க முடியாது" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. "வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே வந்துடுங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். திரையை விட்டு அவர் பார்வை இன்னும் நகரவில்லை. மிருகக்காட்சி சாலையில் போய் உட்கார்ந்திருந்தீர்களா, எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டார்.

அவள் தயங்கினாள்.

"வேலை உறுதிதானே சார்?"

"உறுதி."

"அன்னைக்கு என்னை வேண்டாம்னு சொல்லிட்டு, இந்தக் கதவை மறைச்சுக்கிட்டு நின்னீங்களே," என்றாள் அவள், மிக மெதுவாக. "உங்களைப் பார்த்துத்தான் சார் செஞ்சேன்."