இரவல் குரல்

'சிறந்த நடிகை' என்று கணினியில் அடித்தான். அதற்கு எதிரே பெயரை எழுதக் கை வரவில்லை.

விருதுக் கணிப்பில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று பத்திரிகை வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அவனும் அதை மறுத்ததில்லை. மறுப்பானேன்.

போட்டியில் முந்தி நிற்கும் படத்தை அன்று காலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தான். விமர்சனமும் கணிப்பும் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும்.

சண்டை இல்லை. பாட்டு இல்லை. ஒரு வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி. படம் முழுக்க அவ்வளவுதான்.

இடைவேளைக்குப் பிறகு கணவன் கேட்கிறான், உனக்கு இங்கே என்ன குறைச்சல் என்று.

அவள் துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள்.

"குறைச்சல்லாம் ஒண்ணுமில்லைங்க. பேச ஆள் இல்லை."

பிரிவியூ தியேட்டரில் கை தட்டினார்கள். தட்டாத ஆள் அவன் ஒருவன்தான்.

திரையில் இருந்த முகம் நாயகியுடையது. குரல் சசிரேகாவுடையது.

சசிரேகா அவன் மனைவி. டப்பிங் கலைஞர். ஊரில் பாதி நாயகிகள் அவள் தொண்டையை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். படத்துக்குப் படம் குரலை மாற்றிவிடுவாள். அவனுக்கே சில சமயம் பிடிபடாது.

இதில் மாற்றவில்லை. வீட்டுக் குரல்.

நாயகியோ பேட்டிக்குப் பேட்டி, நானே சொந்தமாகப் பேசினேன் என்கிறாள். இரவல் குரலில் நடித்தவர்களுக்கு நடிப்பு விருது கிடையாது என்பது அந்த விருதுக் குழுவின் விதி.

அவன் ஒரு வரி எழுதினால் போதும். நாயகியின் விருது போய்விடும். கூடவே சசிரேகாவின் பிழைப்பும் போய்விடும்.

அதுகூட அவனைக் குடையவில்லை.

வீட்டில் அவள் அதிகம் பேசமாட்டாள். நாளெல்லாம் மைக் முன்னால் அழுதுவிட்டு வருகிறவள், தொண்டைக்கு ஓய்வு வேண்டாமா என்று அவனும் விட்டுவிட்டான். வருகிற போகிற சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அது ஓய்வுதானா?

இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தேகம் வந்தது அன்றுதான். பயமாக இருந்தது.

சசிரேகா வந்தாள். வெந்நீர் பிளாஸ்க்கை மேஜையில் வைத்தாள்.

"படம் பார்த்தேன்" என்றான்.

எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை.

"எழுதிடாதீங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்கிட்டயுமா?"

"நீங்க கேட்கலையே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்தத் துணி மடிக்கிற சீன்" என்று ஆரம்பித்தான். "டைரக்டர் ரொம்ப வேலை வாங்கிட்டாரா?"

தொழில் சம்பந்தமான கேள்விதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆமாம், பிழிந்து எடுத்துவிட்டார் என்று அவள் சொல்லிவிட்டால் போதும். நிம்மதியாக மிச்சத்தை எழுதிவிடலாம்.

சசிரேகா கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லைங்க. ஒரே டேக்."

முகம் கழுவப் போய்விட்டாள்.

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். பிறகு நாயகியின் பெயரை எழுதினான். விமர்சனத்தையும் ஒருவழியாக முடித்தான். கதாபாத்திரங்களின் ஆழம், காமிராவின் நிதானம் எல்லாம் வந்துவிட்டன. அனுப்பினான்.

கால் மணி நேரத்தில் பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"பிரமாதம் சார். ஆனா புருஷன் கேரக்டரைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

விட்டுப்போயிற்று, இதோ அனுப்புகிறேன் என்றான்.

கூடத்தில் சசிரேகா டிவியைப் போட்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள், அவன் எழுதுகிறான் என்று.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காரலாம். உட்கார்ந்து என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

விட்டுப்போன வரியை அடித்தான்.

'கணவனாக வருபவருக்குப் படத்தில் பெரிய வேலை ஒன்றுமில்லை.'

ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.