அண்ணமும் இரண்டு தட்டுகளும்

ஒரு குழந்தையின் அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, பிறக்கும்போதே நடுவில் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியே வந்தது. மருத்துவர் அந்தச் சின்ன வாயைக் கணினியில் படமெடுத்தார். அது எப்படி வளரும் என்று கணித்து, பிளவை மூடும் பிளாஸ்டிக் தட்டுகளை வாரத்துக்கு ஒன்றாக முன்கூட்டியே செய்து கொடுத்தார்.

முதல் தட்டு சில நாட்கள் நன்றாகப் பொருந்தியது. பிறகு ஈறை அழுத்தியது. குழந்தை பால் குடிக்காமல் அழுதது.

"நான் வந்தப்ப நீ இப்படி இல்ல. ரொம்ப மாறிட்ட," என்றது தட்டு.

"வேணும்னு மாறல. பால் உள்ளே போச்சு, வளர்ந்துட்டேன்," என்றது அண்ணம்.

குழந்தையின் அம்மா தேன்மலர் ஈறு சிவந்திருப்பதைப் பார்த்தாள். "இதுதான் வலிக்குதா சாமி?" என்று வாரம் முடியும் முன்பே அந்தத் தட்டைக் கழற்றிவிட்டு இரண்டாவது தட்டைப் பொருத்தினாள். அது லேசாக ஆடியது.

"என் வாரத்துல நீ இன்னும் பெரிசா இருக்கணும், தம்பி. கணினி அப்படித்தான் சொல்லியிருக்கு," என்றது புதிய தட்டு.

"என்கிட்ட யாரும் சொல்லலையே. கொஞ்சம் பிடிச்சுக்கோங்கண்ணே, குழந்தைக்குப் பசிக்குது."

தட்டு முணுமுணுத்துக்கொண்டே பிடித்துக்கொண்டது. பால் மூக்குக்கு ஏறாமல் தொண்டைக்குள் இறங்கியது. நாளாக ஆக ஆட்டம் குறைந்தது. ஒரு காலையில் தட்டு அசையவே இல்லை. விளிம்பெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இப்பதான் சரியா இருக்க. இதோட நிறுத்திக்கோ," என்றது தட்டு.

அதற்குள் குழந்தை அடுத்த வாய்ப் பாலை விழுங்கிக்கொண்டிருந்தது.