பட்டிக்கு ஒரு சின்னம்

ஓர் ஆட்டுப்பட்டியில் கதவுத் தாழ்ப்பாள் உடைந்துபோனது. புதிதாகச் செய்ய ஒரே ஒரு பலகைதான் இருந்தது. கிடாக்கள் கூடிப் பேசின. தாழ்ப்பாள் செய்வதில் என்ன பெருமை இருக்கிறது? அந்தப் பலகையில் ஒரு கேடயம் செதுக்கி, நடுவில் ஓநாய் படம் வரைந்து, வாசலில் மாட்டுவதென்று முடிவாயிற்று.

இரண்டு குட்டிகளுக்குத் தாயான செவலை ஆடு குறுக்கே வந்து நின்றது.

"அதென்ன மாமா, ஓநாய்?"

"ஆட்டைப் போட்டா எவன் மதிப்பான்? ஓநாய்ன்னா ஒரு கம்பீரம் இருக்கில்ல?" என்றது தலைவர் கிடா.

"கம்பீரம் இருக்கட்டும். கதவை எதை வெச்சுச் சாத்துவீங்க? என் குட்டிங்க உள்ளேதானே தூங்குது?"

"ஊர்ல எல்லாருக்கும் சின்னம் இருக்கு. நமக்கு மட்டும் இல்லையேன்னு உனக்கு அசிங்கமா இல்ல? குதர்க்கம் பேசாம, மத்தவங்க மாதிரி தலையை ஆட்டு."

மற்ற ஆடுகள் ஏற்கெனவே ஆட்டிக்கொண்டுதான் இருந்தன. கேடயம் வாசலில் ஏறியது. அதன் கீழே 'அஞ்சோம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தன.

மறுநாளே ஓநாய் வந்து மூக்காலேயே கதவைத் தள்ளித் திறந்தது. செவலை தன் குட்டிகளைப் பின்வேலிச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. கிடாக்கள் ஓடவில்லை. வந்த விருந்தாளிக்குப் பெருமையோடு கேடயத்தைக் காட்டின.

ஓநாய் அண்ணாந்து பார்த்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பல்லு ரொம்பச் சின்னதா இருக்கே?"

தலைவர் கிடாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கரித்துண்டை எடுத்துக்கொண்டு பணிவோடு ஓநாயின் முகத்தருகே போனது.

"மன்னிக்கணுங்க, நேர்ல பார்த்ததில்ல. கொஞ்சம் வாயைத் திறந்து காட்டுங்க, திருத்திடறோம்."